மானத்தை அடகு வைக்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை கடற்கரையில் நடை முடித்து, காந்தி சிலைக்குப் பக்கத்தில் வழக்கமான கட்டையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ கிரெடிட் கார்டில் வந்து நின்றது. நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், குரலை உயர்த்தி ஒரு தீர்ப்பு சொன்னார்:

"கடன் வாங்கினா கட்டணும்பா. அதுல என்ன பேரம்? கத்திரிக்காயா வாங்குற? செட்டில்மெண்ட்டாம் செட்டில்மெண்ட்டு. ஏமாத்து வேலை."

நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே வாயைத் திறந்திருந்தால் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகியிருக்கும். அதனால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. ஆசிரியருக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அவர் படிப்பார்.

முதலில் என் வீட்டுக் கதை. என் தங்கை மகன் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்தான். 2020 ஊரடங்கில் வேலை போனது. கையில் ஒரு கிரெடிட் கார்டு. அதில் மளிகை வாங்கினான், வீட்டு வாடகை கட்டினான், என் தங்கையின் கண் அறுவைச் சிகிச்சைக்கும் அதையே தேய்த்தான். எங்களிடம் சொல்லவில்லை. மறுபடி வேலை கிடைத்தபோது சம்பளம் பாதி. கொஞ்ச நாள் 'மினிமம் டியூ' மட்டும் கட்டினான். பிறகு அதுவும் நின்றது.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? 2022 கடைசியில் ஒருநாள் காலை 7 மணி 10 நிமிடத்துக்கு என் கைபேசி அடித்தது. "சார், உங்க மருமகன் திருடிட்டு ஓடிட்டான், நீங்கதான் பொறுப்பு" என்றது ஒரு இளம் குரல். கார்டு விண்ணப்பத்தில் 'ரெஃபரன்ஸ்' என்ற இடத்தில் என் எண்ணை எழுதியிருந்தான். அதோடு விடவில்லை. மறுநாள் என் மனைவியின் எண்ணுக்கு அவன் புகைப்படம், கீழே 'மோசடிப் பேர்வழி' என்று. மூன்றாம் நாள் முத்தியால்பேட்டையில் என் தங்கை வீட்டுக்கு இரண்டு பையன்கள் வந்து, வாசலில் நின்றபடி எதிர்வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரித் தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். 3 லட்சத்து 12 ஆயிரம்.

தங்கை அன்றைக்கே வளையலைக் கழற்றினாள். நான்தான் தடுத்தேன். மானம் போய்விட்டது என்று அழுதாள். "அண்ணா, கேக்கறதக் குடுத்துட்டு வாயை அடைக்கலாம்" என்றாள்.

கிரெடிட் கார்டுக் கடனை ஈடில்லாக் கடன் என்பார்கள். வீடு, நகை, நிலம் எதையும் எழுதி வாங்குவதில்லை. அதனால்தான் வட்டி அதிகமாம். இது பொய் என்று என் தங்கை வாசலில் நின்றபோது புரிந்தது. ஈடு உண்டு. எதிர்வீட்டுக்காரரின் காதுதான் ஈடு. தகப்பனின் பணிக்கொடை, தாயின் வளையல், மாமனின் ஓய்வூதியம் எல்லாவற்றையும் அந்த வெட்கத்தின் வழியாகக் கறக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஆசிரியர் நண்பரே, நீங்கள் கணக்கு வாத்தியார். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் தங்கை மகனின் கார்டில் மாத வட்டி மூன்றரை சதவீதம். வருடத்துக்கு 42. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக ஒரு லட்சம் பாக்கி இருந்தால் மாதம் 3,500 வட்டி, 630 வரி, மொத்தம் 4,130 ரூபாய். மினிமம் டியூ நூற்றுக்கு ஐந்து, அதாவது 5,000. அதைக் கட்டிவிட்டால் 'ஒழுங்காகக் கட்டுகிறவர்' என்று பெயர். புதிதாக ஒரு ரூபாய்க்குக்கூடக் கார்டைத் தேய்க்காமல், மாதாமாதம் அப்படியே கட்டிக்கொண்டு போனால் ஒரு வருடத்தில் கையைவிட்டுப் போவது சுமார் 56,500. பாக்கியில் குறைவது சுமார் 12,200. நான் இதைப் பழைய லெட்ஜர் தாளில் கோடு போட்டுப் பன்னிரண்டு வரி எழுதிப் பார்த்தேன். ஒருமுறை தப்பாகப் போட்டிருப்பேனோ என்று இரண்டாம் முறையும் போட்டேன்.

என் தங்கை மகன் உண்மையில் செலவழித்ததில் கட்டாமல் நின்றது ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குள். மீதியெல்லாம் வட்டி, தாமதக் கட்டணம், வரம்பு மீறிய கட்டணம், அவற்றின் மேல் வரி. கடன் வாங்கினால் கட்டவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எதைக் கடன் என்கிறோம்? அவன் சாப்பிட்ட அரிசியும் தங்கையின் கண்ணும் கடன். அதை ஒரு பைசா விடாமல் கட்டவேண்டும் என்றுதான் நானும் சொன்னேன். மேலே முளைத்த ஒன்றே முக்கால் லட்சத்தை நான் பேரம் பேசியதை ஏமாற்று என்றால், சண்டே மார்க்கெட்டில் நீங்கள் பேசுகிற பேரத்துக்கு என்ன பெயர்?

"தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டான்?" என்பீர்கள். சரி. சட்டம் இந்த வட்டிக்கு ஏதாவது உச்சவரம்பு வைத்திருக்கிறதா? 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்றது. வங்கிகள் மேல்முறையீடு போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டியை நிர்ணயிப்பது ஆணையத்தின் வேலை இல்லை, ரிசர்வ் வங்கியின் துறை என்று. ரிசர்வ் வங்கியோ எண் எதையும் போடவில்லை, அநியாய வட்டி கூடாது என்று மட்டும் சொல்கிறது. வேலி இல்லாத இடத்தில் கடன்பட்டவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே தற்காப்பு பேரம்தான்.

வங்கிகளுக்கு மட்டும் பேரம் தெரியாதா? 2016-ஆம் வருட திவால் சட்டத்தில் பெரிய கம்பெனிகளின் ஆயிரக்கணக்கான கோடியை விட்டுக்கொடுத்துவிட்டு அதற்கு 'ஹேர்கட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முடிதிருத்தம்! அதே சட்டத்தில் தனிமனிதருக்கும் ஒரு பகுதி உண்டு. ஆனால் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட முதலாளிமாருக்கு மட்டும். 2023 ஜூன் 8-இல் ரிசர்வ் வங்கி சமரசத் தீர்வுக்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு வங்கியும் இயக்குநர் குழு ஒப்புதலோடு ஒரு கொள்கை வைத்திருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. வங்கிக்கே கொள்கையாக இருக்கிற ஒன்று நம் வீட்டுப் பையன் கேட்டால் மட்டும் ஏமாற்று வேலையா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'கிரெடி' என்ற சொல் நம்பிக்கை என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது என்று எங்கள் முசியே கரும்பலகையில் எழுதிக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அரசு வேலையில் பழைய பிரெஞ்சு ஆவணம் எது வந்தாலும் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். 1804-ஆம் வருடத்து சிவில் சட்டத்தில் 1244-ஆம் பிரிவு என்று ஒன்று. கடன்பட்டவனின் நிலைமையைப் பார்த்து நீதிபதி மிதமான தவணை கொடுக்கலாம் என்பது அதன் சாரம். 'தெலே தெ கிராஸ்', கருணைத் தவணை. காலனிக்காரனைப் புகழ நான் வரவில்லை. அவன் கருணையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஜப்தி செய்ய வரும் உய்சியேகூடக் கையில் காகிதம் இல்லாமல் படியேறமாட்டான், பொழுது சாய்ந்தபின் வரமாட்டான் என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டு பையன்கள் கையில் காகிதமும் இல்லை, நேரமும் காலமும் இல்லை.

நம் சட்டத்திலும் அதற்கு இடமில்லை என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது. கடன்பட்டவரின் குடும்பத்தாரையோ, ரெஃபரன்ஸ் கொடுத்தவரையோ, நண்பர்களையோ தொந்தரவு செய்யக்கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்தக்கூடாது. தகாத செய்தி அனுப்பக்கூடாது. ஏஜென்சி செய்யும் தப்புக்கு வங்கிதான் பொறுப்பு. வீட்டுக்கு வருகிறவர் வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் வைத்திருக்கவேண்டும் என்பது அதற்கும் முந்தைய விதி. எங்கள் வீட்டில் மூன்றே நாளில் இதில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மீறினார்கள்.

அடுத்த போனில் அந்தப் பையன், "பெரியவரே, உங்க பென்ஷனை அட்டாச் பண்ணிடுவோம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்குப் பிரிவில் பதினோரு வருடம் உட்கார்ந்தவனிடம் இதைச் சொல்லியிருக்கக்கூடாது. தம்பி, 1871-ஆம் வருட ஓய்வூதியச் சட்டம் 11-ஆம் பிரிவு, சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு, இரண்டையும் படித்துவிட்டு வா, அரசு ஓய்வூதியத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்றேன். அதுவும் நான் ஜாமீன்கூடப் போடாத கடனுக்கு! "அப்ப போலீஸ் வரும்" என்றான். கடன் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், வேண்டுமென்றே ஏமாற்றாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் போடக்கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டான். (செக் கொடுத்துத் திரும்பி வந்தாலோ, கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் உத்தரவு பணமில்லாமல் திரும்பினாலோ அது வேறு சட்டம், அது குற்ற வழக்காகலாம். அதனால் இவர்கள் கேட்கும் முன்தேதியிட்ட செக்கைக் கொடுக்காதீர்கள்.)

வயதானவர்களுக்கு இடையில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கார்டு கொடுத்த வங்கியிலேயே உங்கள் சேமிப்புக் கணக்கும் டெபாசிட்டும் இருந்தால், அதிலிருந்து பாக்கியை எடுத்துக்கொள்ளும் உரிமையை விண்ணப்பத்தின் பொடி எழுத்தில் வாங்கிவைத்திருப்பார்கள். ஓய்வூதியம் வருகிற வங்கியில், "சார், உங்களுக்கு லைஃப்டைம் ஃப்ரீ" என்று ஒரு பெண் புன்னகையோடு நீட்டினால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பேரம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். முதலில் ஏஜெண்ட் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றான். "இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள கட்டணும், நாளைக்கு இந்த ஆஃபர் இல்ல." நாளைக்கும் இருந்தது. அடுத்த மாதக் கடைசியிலும் இருந்தது, தொகை மட்டும் இறங்கியது. 90 நாள் கட்டாமல் போனால் வங்கிப் புத்தகத்தில் அது வாராக்கடன். அதற்காக லாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்யவேண்டும். நாளாக ஆகக் கடனின் மதிப்பு அவர்கள் கணக்கிலேயே குறைந்துகொண்டு வரும். ஏஜென்சிக்கோ வசூலானால்தான் கமிஷன். ஆக அவசரம் அவர்களுக்குத்தான், நமக்கில்லை. ஆனால் பதற்றம் முழுவதையும் நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

ஏஜெண்டிடம் பேசுவதை நிறுத்தினோம். மனைவி கைபேசியில் வந்ததை அழிக்காமல் வைத்திருந்தாள். ஒவ்வொரு போனுக்கும் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை என்று ஒரு பட்டியல் போட்டேன். அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் செய்த வேலைதானே. "மாமா, இதெல்லாம் யாரு படிப்பா?" என்று தங்கை மகன் கேட்டான். கோப்பு என்றால் யாராவது ஒருநாள் படிப்பான், அதற்குத்தான் கோப்பு என்றேன். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அவன் பெயரில் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. வேலை போன கடிதம், சம்பளச் சீட்டு, அம்மாவின் மருத்துவ ரசீது இணைப்பு. அசல் செலவைத் தவணையில் கட்டத் தயார், வட்டியையும் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யவேண்டும், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று எழுதினோம். அங்கே புகார் செய்யக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 14448 என்ற எண்ணில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

ஒன்பதாம் நாள் வங்கியிலிருந்தே ஓர் அதிகாரி பேசினார். மரியாதையாக, 'சார்' போட்டு. அதன்பிறகு வாசலுக்கு யாரும் வரவில்லை. இரண்டு மாதம் இழுத்து, 2023 மார்ச் கடைசி வாரத்தில், ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம், மூன்று தவணை என்று முடிந்தது. வங்கியின் கடிதத்தாளில், கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தொகை, தேதிகள், 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற வாசகம் எல்லாம் வந்த பிறகுதான் முதல் தவணை. அதுவும் கார்டுக் கணக்கிலேயே. ஏஜெண்ட் சொன்ன எண்ணுக்கு இல்லை. கடைசித் தவணைக்குப் பின் பாக்கியில்லைச் சான்று.

இதில் இனிப்பு மட்டும் இருப்பதாகச் சொல்லமாட்டேன். சிபில் அறிக்கையில் அவன் கணக்கு 'குளோஸ்டு' என்று இல்லை, 'செட்டில்டு' என்று இருக்கிறது. இந்த ஒரு சொல்லின் வித்தியாசத்தை எந்த ஏஜெண்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது பல வருடம் நிற்கும். வீட்டுக்கடன் கேட்டு ஓரிடத்தில் போனான், அதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். முழுத்தொகையும் புரட்ட முடிகிறவர்கள் செட்டில்மெண்ட் பக்கம் போகாமல், வட்டியைக் குறைத்துத் தவணையாக்கித் தரும்படி கேட்பதுதான் நல்லது. வருடத்துக்கு ஒருமுறை அந்த அறிக்கை இலவசம், எடுத்துப் பாருங்கள்.

நடுவில் புதிதாக ஒரு கூட்டம் முளைத்திருக்கிறது. "உங்கள் கடனைப் பாதியாக்குகிறோம்" என்று கைபேசியில் விளம்பரம். மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு, வங்கிக்குக் கட்டுவதை நிறுத்துங்கள் என்பார்கள். நான் பதிவுத் தபாலில் செய்ததையே ஒரு மாதிரி மின்னஞ்சலில் செய்வார்கள். தங்கை மகன் நான்கு மாதம் அவர்களுக்குக் கட்டியிருக்கிறான், பிறகுதான் என்னிடம் சொன்னான். அதைப் பற்றி அதிகம் எழுதினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

இப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "பேரைப் போடாதே, எழுது" என்றார், எழுதுகிறேன். அவர் மகன் வெளியூரில். அவருக்கும் அதே மாதிரிப் போன், அதே மாதிரிப் புகைப்படம். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெற்றபோது போட்ட டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைத்து, இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கட்டினார். மகன் வாங்கிய பொருளின் விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதில் நாற்பதாயிரத்தை ஒரு ஏஜெண்டின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த நாற்பதாயிரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கேட்டால் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். மனைவியிடம் தனக்கு ஏதோ ஸ்கேன், சிகிச்சை என்று சொல்லிச் சமாளித்தார். அந்த அம்மாள் அதை நம்பி, இன்றுவரை அவருக்கு உப்புக் குறைத்துச் சமைத்துப் போடுகிறார்.

ஆசிரியர் நண்பரே, அவரிடம் அன்றைக்கு ஒருவர், "பேரம் பேசலாம், தப்பில்லை" என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்டல்லாம் எப்படிச் சொல்றது? என்ன நினைப்பீங்க?" என்றார். நம் கூட்டம் என்ன நினைக்கும் என்பதை நீங்கள் செவ்வாய்க்கிழமை உரக்கச் சொன்னீர்கள். ஏஜெண்ட் பையன் செலவில்லாமல் நம்மையே தன் ஆளாக வைத்திருக்கிறான். அவன் எதிர்வீட்டு வாசலில் நின்று கத்துவது, எதிர்வீட்டில் நாம் இருக்கிறோம் என்ற தைரியத்தில்.

2024 மே மாதம் வேறொரு ஏஜென்சியிலிருந்து என் எண்ணுக்கு மறுபடி போன் வந்தது. அதே கடன், இந்த முறை நான்கு லட்சத்துச் சொச்சம். பழைய பட்டியலை யாரோ யாருக்கோ கைமாற்றியிருக்கிறார்கள். அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து, டேக் நூலை அவிழ்த்து, வங்கிக் கடிதத்தின் எண், தேதி, தொகை, பாக்கியில்லைச் சான்றின் எண், எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். படித்து முடித்து, "தம்பி, உங்க பேரும் ஏஜென்சி பேரும் சொல்லுங்க, குறிச்சிக்கிறேன்" என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. மணி 7.40, இரவு. அதையும் குறித்துவைத்தேன்.